ஒன்பதாம் நாள் ஆட்டம்

1

பெரியப்பாவுக்கு வருஷத் திதி வருகிறது என்று தம்பி குமார் போன வாரம் போனில் சொன்னான். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் என்ன பேசினாலும் பின்னால் மிஷின் இரைந்துகொண்டே இருக்கும். நல்லது கெட்டது எல்லாமே இரண்டு பிரதிகளாக வருவதுபோல் இருக்கும் எனக்கு.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம்ண்ணா. சும்மா தகவலுக்குச் சொன்னேன்" என்றான்.

சும்மா தகவலுக்கு. இருபது வருஷமாக ஊரிலிருந்து எனக்கு வருவதெல்லாம் இதுதான். இன்னாருக்குக் கல்யாணம், இன்னார் போய்விட்டார், நீ ஒன்றும் செய்ய வேண்டாம். நான் ஜன்னலைப் பார்த்தேன். அமெரிக்காவின் நடுவயிற்றில், அறுத்த சோளக் காடுகள் பனியில் மூடிக் கிடக்கும் ஊர் இது. வெள்ளையாக இருக்கும் எதுவும் எனக்கு இப்போது அழகாகத் தெரிவதில்லை.

பெரியப்பா போய் ஒரு வருஷம் என்றால், என் மகள் இனியா தன் கல்லூரி அரங்கில் கடைசி ஆட்டம் ஆடியும் ஒரு வருஷம். சாவு ஒரு வியாழக்கிழமை. அதற்கு ஒன்பதாம் நாள் ஆட்டம். அந்த ஒன்பது நாளில் நான் ஒரு முடிவு எடுத்தேன். அது தப்பு என்று பத்தாம் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்ததை அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று முதல் தடவையாக இந்த வாரம்தான் தோன்றியது.

2

இனியா கூடைப்பந்தில் ஃபார்வர்ட். ஊரில் இருக்கிறவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: கூடைக்குக் கீழே நிற்பவள். விலாவில் முழங்கை, பாதத்தின் மேல் பாதம், கழுத்தில் யாருடைய மூச்சோ. மற்றவர்கள் எறிந்து விழாமல் போன பந்து வளையத்தில் முட்டித் திரும்புமே, அந்தப் பந்துக்காக நிற்பவள். எறியப்போகிறவரின் மணிக்கட்டைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறருடைய பிழையை அரை நொடி முன்னதாகவே படித்துவிடுகிற கண். அந்தக் கண் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து வளர்ந்தது என்பதை நான் யோசித்துப் பார்த்ததேயில்லை.

நான் படித்த பள்ளியிலும் கூடைப்பந்துத் தளம் இருந்தது. அறுவடை மாதங்களில் அதில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைக் காய வைப்பார்கள். கம்பத்தில் வளையம் இருந்தது, வலை இல்லை. சுதந்திர தினத்துக்கு அதில் ஒலிபெருக்கி கட்டுவார்கள். இதுதான் நான் என் மகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த விளையாட்டு ஞானம்.

மூன்று வயதில் வந்தவள் பதினைந்து வயதில் ஆறடியைத் தொட்டாள். எங்கள் வம்சத்தில் உயரம் என்றால் அது பெரியப்பா ஒருவர்தான். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உள்ளே நின்றால் தலை இடிக்கும் என்று படியிலேயே வருவார். நான் ஐந்தடி ஐந்து அங்குலம். குடும்பப் படம் எடுக்கும்போதெல்லாம் இனியா என் பக்கத்தில் முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு நிற்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் ஒரு தடவைகூட நேராக நில்லும்மா என்று சொன்னதில்லை.

உள்ளூர்க் கல்லூரி அவளை உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டது. முதல் வருஷமே ஆரம்ப ஐவரில் ஒருத்தி. இரண்டாம் வருஷம் முட்டிக்குள் ஜவ்வு அறுந்தது. ஒன்பது மாதம். ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் தவறவிட்ட பந்துகளை அவள் கண்ணாலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருஷம் திரும்பி வந்து அணித்தலைவி ஆனாள். நாலாம் வருஷத் தொடக்கத்தில் அவளுடைய ஆயிரமாவது புள்ளி விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தி அந்தப் பந்தை அவள் கையில் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரியில் அதிகம் ரீபவுண்ட், அதாவது அப்படி முட்டித் திரும்பும் பந்து, எடுத்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் மேலே மேலே ஏறியது. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில், முதல் அணியில், இரண்டு முறை இடம்.

இதற்கெல்லாம் இன்னொரு பக்கமும் உண்டு. என் கிரீன் கார்டு வரிசை நத்தை வேகத்தில் நகர, இருபத்தோரு வயதில் அவள் சட்டப்படி என் குடும்பத்திலிருந்து உதிர்ந்தாள். என் விசாவில் தொங்கிக்கொண்டு வந்த குழந்தை, இனி தனி விசா எடுத்த அந்நிய மாணவி. அவளோடு ஆடியவர்கள் காசு வாங்கிக்கொண்டு பீட்சாக் கடை விளம்பரத்தில் சிரித்தார்கள். மாணவர் விசாவில் அப்படிச் சம்பாதிக்கக் கூடாது; அவள் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சிரிப்பு அனுமதிக்கப்படவில்லை. படிப்பு முடிந்ததும் வேலை தேடு, இல்லாவிட்டால் கிளம்பு. இந்த ஊருக்காக முட்டியைக் கொடுத்தவளுக்கு இந்த ஊர் வைத்திருந்த கெடு அவ்வளவுதான்.

3

இங்கே ஒரு வழக்கம். கடைசி வருஷ ஆட்டக்காரர்களின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால், அரங்கில் விளக்கைக் குறைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆட்டக்காரி அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கமாகத் தளத்தின் நடுவட்டம் வரை நடப்பாள். அங்கே பூச்செண்டு, சட்டம்போட்ட அவளுடைய சட்டை, ஒரு புகைப்படம். மொத்தம் ஒரு நிமிஷம்.

நாலு வருஷத்தில் இனியா எங்களிடம் எதையும் கேட்டதில்லை. ஆட்டத்துக்கு வாங்க என்றுகூடக் கேட்டதில்லை. என் மனைவி மாலதி எல்லா ஆட்டத்துக்கும் போவாள். நான் போனால் மேல் வரிசையில் உட்காருவேன். பாதியில் பார்க்கிங்குக்குப் போய் நின்றுவிட்டு வருவேன். அவள் கீழே விழுகிற சத்தம் எனக்கு ஆகாது.

ஒரு மாதம் முன்னாடியே சொல்லிவிட்டாள். "அப்பா, இதுக்கு மட்டும் கண்டிப்பா வரணும். ரெண்டு பேரும். கீழ. என்கூட."

"நான் எதுக்கும்மா கீழ? அம்மா வருவா."

"நீங்க லெஃப்ட், அம்மா ரைட். ஃபார்ம்ல எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

ஹாலில் நடக்கப் பழக்கினாள். சோபாவிலிருந்து சமையலறை வாசல் வரை. "ஓடாதீங்கப்பா, யாரும் தொரத்தல." மாலதி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் தனியாகப் போய் ஒரு சாம்பல் நிறக் கோட்டு வாங்கி வந்தேன். அதை இன்றுவரை போட்டதில்லை.

4

ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குமார் கூப்பிட்டான். "பெரியப்பா பூட்டாருண்ணா. காத்தால டீ குடிச்சிட்டு கட்டல்ல சாஞ்சவருதான்."

பெரியப்பாவோடு நான் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு வரப்புத் தகராறு. அப்பா போன பிறகு நிலம் என் பெயருக்கு வரவில்லை, தகராறு மட்டும் வந்தது. ஆனாலும் அவர் பங்காளி. பங்காளி சாவு என்றால் எங்கள் வழக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் தீட்டு. கோயில் இல்லை, கிரிவலம் இல்லை, பூ இல்லை, நல்ல காரியத்தில் முன்னால் போய் நிற்பது இல்லை.

ஊருக்குப் போகிற பேச்சே இல்லை. என் விசா முத்திரை காலாவதியாகி இருந்தது. வெளியே போனால் திரும்பி உள்ளே வரச் சென்னைத் தூதரகத்தில் தேதி கிடைக்க வேண்டும், அது கிடைக்கிறபோது வேலை இருக்க வேண்டும். அப்பா செத்தபோதும் இதே கதைதான். கொள்ளி வைத்தது குமார். நான் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தேன், பெட்டியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லேட்டோடு. பிணத்துக்குத் தோள் கொடுக்க முடியாதவனுக்குச் சாவில் பங்கு என்று ஒன்று உண்டென்றால் அது தீட்டு மட்டும்தான். விமானம் ஏறாமல், விசா கேட்காமல், கடல் தாண்டி வந்து தொடுகிற ஒரே சொத்து. அதையும் விட்டுவிட்டால் நான் யார்? இப்படியெல்லாம் யோசித்தேன். அழகாகத்தான் யோசித்தேன். எனக்கு அழகாக யோசிக்க வரும்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். தளத்துக்கு வரமாட்டேன், மேலே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று.

மாலதி கரண்டியை வைத்தாள். "அந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப பதினோரு வருஷம் நீங்க ஒரு போன் பண்ணல. அப்ப இல்லாத பந்தம், செத்ததும் எங்கருந்துங்க வந்துச்சி?"

"பேச்சு வேற, பங்காளி வேற."

"அப்ப எனக்கும்தான் தீட்டு. நான் நடப்பேன். பாவம் வந்தா என் கணக்குல சேத்துக்கட்டும்."

இனியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது கோயில் இல்லப்பா. ஜிம்."

"பூ குடுப்பாங்கல்ல?"

"நான் வாங்கிக்கிறேன். நீங்க தொட வேணாம்."

"அது மாதிரி இல்லம்மா..."

"பின்ன எது மாதிரி?"

அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு நியாயம் அரைகுறை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவளுடைய பயிற்சியாளருக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன். தீட்டு என்பதற்கு அகராதி கொடுத்த ஆங்கிலச் சொல்லைத் தூக்கி வைத்தேன். அதற்கு இங்கே புகை, சாக்கடை என்றுதான் அர்த்தம். அந்த அம்மாள் பதறிப்போய் போன் செய்தார். உங்கள் ஊரில் காற்று அவ்வளவு மோசமா, குடும்பம் பத்திரமா என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். இரண்டு நிமிஷம் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஆட்டத்துக்கு முன் உங்கள் பெரியப்பாவுக்காக அரங்கமே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தலாமா?" என்றார். அவ்வளவு பேரும் எழுந்து நிற்க, பெரிய திரையில் கோவணத்தோடு மல்லாட்டை பிடுங்கும் பெரியப்பா. வேண்டாம் அம்மா என்றேன். அவரால் ஆனதை அவர் செய்யப் பார்த்தார். என்னால் ஆனதை நான் செய்யாமல் இருக்கத்தான் அத்தனை பாடு.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் குறிப்பும் பொய்யாகிவிடும். தீட்டு என்று முடிவானதும் எனக்குள் எங்கோ ஒரு நிம்மதி. அத்தனை கண்களுக்கு முன்னால், என் மகளின் தோளுக்குக் கீழே, அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் நடக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு நான் பெயர் வைக்கவில்லை.

5

மேலிருந்து இரண்டாவது வரிசை. தலைக்கு மேல் காற்றுக் குழாய் உறுமிக்கொண்டிருந்தது. விளக்கைக் குறைத்தார்கள்.

கடைசியாகக் கூப்பிட்டது இனியாவை. வலப்பக்கம் மாலதி, அரக்குப் பட்டுப்புடவை, அதன்மேல் குளிர்கோட்டு. இடப்பக்கம் யாரும் இல்லை. துணைப் பயிற்சியாளர் ஒருவர் ஓடிவந்து அந்த இடத்தில் நிற்கப் பார்த்தார். இனியா குனிந்து ஏதோ சொன்னாள், அவர் விலகிவிட்டார். அறிவிப்பாளர் கையிலிருந்த தாளை யாரும் திருத்தவில்லை. "...உடன் நடந்து வருபவர்கள், அவருடைய பெற்றோர்" என்று மாலதி பெயரையும் என் பெயரையும் படித்தார். என் பெயரை அவ்வளவு சத்தமாக நான் எங்கேயும் கேட்டதில்லை. கூட்டம் கைதட்டியது. தளத்தில் என் பெயர் நடந்து போனது, ஆள் இல்லாமல்.

பக்கத்து இருக்கைக் கிழவர், பல வருஷமாக ஆட்டம் பார்க்க வருகிறவர், என் பக்கம் திரும்பினார். "அது உங்கள் பெண்தானே? ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"முட்டி வலி" என்றேன்.

கீழே, நிஜமாகவே கத்தி வைத்துத் தைத்த முட்டியோடு அவள் நேராக, முழு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். புகைப்படத்துக்கு அன்று மடங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆட்டத்தைப் பற்றி என்ன எழுத? பந்து அவளைத் தேடித் தேடி வந்தது. எதிரணியில் அவளைவிடப் பருமனான இரண்டு பேர் மாற்றி மாற்றி இடித்தார்கள். அவள் இடிபட்ட இடத்திலிருந்தே எழும்பினாள். ஒரு கட்டத்தில் தன் அணி தவறவிட்ட பந்தைத் தானே பிடித்து, எறிந்து, அதுவும் தவற, மறுபடி பிடித்து, மூன்றாம் முறை உள்ளே போட்டாள். அரங்கம் எழுந்தது. நானும் எழுந்தேன். பார்க்கிங்குக்குப் போகாமல் நான் முழுசாகப் பார்த்த முதல் ஆட்டம் அது. ஜெயித்தார்கள். முடிந்ததும் அவள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். மேல் வரிசை வரை அந்தக் கண் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

காரில் திரும்பும்போது பூச்செண்டைப் பின்சீட்டில் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்மேல் படாமல்.

6

மறுநாள் காலை குமாருக்குப் போன் போட்டேன். கருமாதி அன்று நானும் இங்கே தலைக்குக் குளித்து, படையல் போட்டு, முறையாகத் தீட்டு கழிக்க வேண்டும் அல்லவா? சரியான நேரம் கேட்கத்தான்.

"எந்தக் கருமாதிண்ணா?"

"பெரியப்பாவுக்குடா. அடுத்த வெள்ளி வருதா?"

மிஷின் சத்தம் ஒரு நொடி நின்றது. "அது முடிஞ்சி அஞ்சி நாள் ஆவுதே. அஞ்சாம் நாளே செஞ்சிட்டோம்."

"பதினாறு இல்லயா?"

"இன்னா பதினாறு? செந்திலுக்கு ஓசூர் கம்பெனில லீவு அவ்ளோதான் குடுத்தான். அய்யரக் கேட்டோம், அஞ்சாம் நாளு செஞ்சா ஒண்ணும் தப்பில்லன்னாரு. போன மனுஷனே ஒண்ணும் சொல்லல, நாம இன்னா சொல்றது?" அவனே சிரித்துக்கொண்டான். செந்தில் பெரியப்பாவின் மகன், கொள்ளி வைத்தவன். "நானு மூணாம் நாளே கடை தொறந்துட்டேன். திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு நாளுன்னா, சனிக்கெழமயே கூட்டம் ஜாஸ்தி. ஏன்ண்ணா, குரூப்ல போட்டனே, பாக்கலயா?"

பார்க்கவில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவை நான் எப்போதோ ஊமையாக்கி வைத்திருந்தேன். விடிந்தால் ரோஜாப்பூவும் காலை வணக்கமும், மலையும் தீபமும், சர்க்கரைக்கு வெந்தயமும். அலுத்துப்போய் அடைத்துவிட்டேன். இப்போது திறந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இருந்தது. இலையில் படையல், மொட்டைத் தலையோடு செந்தில், கீழே குமார் எழுதிய ஒரு வரி: காரியம் நல்லபடியா முடிஞ்சது, எல்லாருக்கும் தீட்டு கழிஞ்சது.

எல்லாருக்கும். ஊரில் கழிந்துபோன தீட்டை நாலு நாள் நான் இங்கே தனியாகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழ்பென்னாத்தூரில் சொந்த மகனுக்கே இல்லாத தீட்டு, பதினோரு வருஷம் பேசாதவனுக்கு.

மாலதி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். "போய்க் குளிச்சிட்டு அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு வாங்க. ஹால்ல நடக்கலாம்" என்றாள்.

"இனியாகிட்டச் சொல்லாத."

"நான் ஏன் சொல்றேன்? சொல்ல வேண்டியது நீங்க."

சொல்லவில்லை. வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட அப்பா என்று அவள் நினைத்திருந்தால் அதில் எனக்கு ஒரு மரியாதையாவது மிச்சம். அது வெறும் கவனக்குறைவு என்று தெரிந்தால் அந்த ஒற்றைக் காரணமும் போய்விடும். பிறகு அவளுக்கு மிஞ்சுவது வராத அப்பா மட்டும். இப்படியும் அழகாகத்தான் யோசித்தேன். மே மாதம் பட்டம் வாங்கினாள். கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது போர்ச்சுகலில் ஒரு சின்ன ஊர் அணி கூப்பிட்டது. இரண்டு பெட்டி, ஒரு பந்து. விமான நிலையத்தில் மாலதியைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் "மருந்த டைமுக்குச் சாப்புடுங்க" என்றாள்.

7

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள், அம்மாவோடு. நான் பின்னால் நின்று கையசைப்பேன். இந்த ஞாயிறு மாலதி சமையலறையில் இருந்தபோது அழைப்பு வந்தது. நானே எடுத்தேன். அங்கே அவளுக்கு அன்று ஆட்டம். முட்டியில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பெரிய தாத்தாவுக்கு வருஷத் திதி வருதும்மா" என்று ஆரம்பித்தேன்.

"ம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சாம் நாள் கருமாதி, செந்திலின் லீவு, நான் பார்க்காத குழு, மறுநாள் போன். எனக்குள் இருந்த அந்த நிம்மதியையும் சொன்னேன். பட்டை சுற்றுகிற கை நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றையும் இழுத்து, அழுத்தி, ஒட்டினாள்.

"ஒரு வருஷமா மறைச்சிட்டேன். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா உன்கூட நடந்திருப்பேன்."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"தாத்தா காரியம் முடிஞ்சது. நானும் அந்தக் குரூப்ல இருக்கேன். எனக்குப் படிக்க வராது. ஆனா அந்த போட்டோ பாத்தேன், இலை, மொட்டை எல்லாம். என்னன்னு சித்தப்பா பொண்ணு ஸ்வேதாவக் கேட்டேன். எல்லாம் ஓவர், இனி கோயிலுக்கே போலாம்னு சொன்னா."

"எப்ப?"

"கேமுக்கு நாலு நாள் முன்னாடி."

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப ஏம்மா என்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

"வந்திருப்பீங்கப்பா. அது எனக்குத் தெரியும்." கத்தரியால் பட்டையின் நுனியை வெட்டினாள். "சொல்லாட்டியும் வருவீங்களான்னு பாத்தேன்."

திரையில் அவளுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தெளிவாக, பிழையில்லாமல். அவள் எழுந்தாள். முகம் திரைக்கு மேலே போய்விட்டது. கழுத்துக்குக் கீழேதான் எனக்குத் தெரிந்தாள்.

"டைம் ஆச்சு. அம்மாகிட்டக் குடுங்க."

கொடுத்தேன்.